ஸ்டேஷனில் நிரப்பிய கட்டங்கள்

“இதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லுங்க” என்று அந்த அம்மாள் கவுண்டர் கண்ணாடியில் கைபேசியை ஒட்டிப் பிடித்தாள். அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மெயிலிலிருந்தே வந்திருந்தது: ‘உங்கள் ரத்த முடிவில் திருத்தம் உள்ளது. கீழுள்ள இணைப்பை உடனே திறக்கவும்.’

“நேத்து எல்லாம் சரியா இருக்குன்னீங்க. காலையிலேர்ந்து வீட்ல அடுப்பு பத்த வைக்கல. இவர் அழுதுகிட்டே வண்டி ஓட்டிட்டு வந்தாரு.”

பின்னால் நின்ற கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுண்டரில் இருந்தவரைக் ‘கட்டம் சார்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடங்களாகப் படிவம் வாங்குகிறவர். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பித் தள்ளிவிடுவார். “கட்டம் போட்டது அழகுக்கா?” என்பார். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட இவர் நிரப்பிக் கொடுத்துவிடுவார் என்று மனைவி சொல்வாள்.

“திருத்தம் எதுவும் இல்லைம்மா” என்றார். அவள் நம்பவில்லை. அறிக்கையின் நகலை எடுத்துவந்து வரி வரியாகப் படித்துக் காட்டினார். கணவர் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்குள் அதே மெயிலோடு இன்னும் ஆறு பேர் வந்துவிட்டார்கள். கூடத்தை நடத்தும் டாக்டரம்மா, அறிக்கைகளை அடிக்கும் தட்டச்சுப் பெண்ணைத் தன் அறைக்குள் கூப்பிட்டார். கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை.

“மெயில் பாஸ்வேர்டு உனக்கும் கட்டம் சாருக்கும்தான் தெரியும். அவரு போன்ல ஒரு நம்பர் தேடவே அரை மணி நேரம் எடுத்துக்குவாரு. நீ யார்கிட்ட குடுத்த?”

“சத்தியமா யாருக்கும் குடுக்கல மேடம்.”

“அப்ப தானா நடந்து போச்சா?”

கட்டம் சாருக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தங்கையை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். ரயில் தாமதம். கைபேசியில் டேட்டா தீர்ந்திருந்தது. ஸ்டேஷன் பெயரிலேயே ஓர் இலவச வைஃபை தெரிந்தது. தொட்டதும் ஒரு பக்கம் விரிந்து பெயர், மெயில், மெயிலின் பாஸ்வேர்டு என்று வரிசையாகக் கேட்டது. அவருக்கென்று மெயில் கிடையாது. காலியாக விடவும் மனம் வரவில்லை. கூடத்தின் மெயிலைப் போட்டார், பாஸ்வேர்டையும் போட்டார். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பில் வைஃபையின் பெயர் வேறாக இருந்ததைப் பிறகு கவனித்தார். ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறார்கள் போல என்று அன்று நினைத்துக்கொண்டார். அது பாஸ்வேர்டு திருட யாரோ விரித்த வலை என்பது இப்போதுதான் உறைத்தது.

தண்ணீர் குடிக்க வெளியே வந்த பெண்ணுக்குக் கண்கள் வீங்கியிருந்தன.

“நீங்களாவது சொல்லுங்கண்ணே. நான் அப்படிப்பட்டவளா?”

“பார்த்துக்கலாம்மா” என்றார்.

அவர் பேசுவார் என்று நம்பி அவள் உள்ளே போனாள். அதன் பிறகு நாற்பது நிமிடங்கள். ஒன்பது படிவங்கள் வாங்கினார், ஒன்றையும் பார்க்கவில்லை. காது மட்டும் கதவருகே இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மாவே விட்டுவிடுவார் என்று இரண்டு முறை நினைத்தார். அப்படி நினைத்ததற்காகத் தன் முகத்தில் தானே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

“சாவியைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நான் சொல்லும்போது வந்தா போதும்.”

அவர் எழுந்து கதவைத் தள்ளினார்.

“பாஸ்வேர்டைக் குடுத்தது நான்தான்.”

ஸ்டேஷன் கதையை அவர் சொல்லி முடித்ததும் டாக்டரம்மா அந்தப் பெண்ணைக் காட்டினார்.

“இவ இவ்வளவு நேரம் அழுதது உங்க காதுல விழலையா சார்?”

“விழுந்துச்சு.”

மேசைமேல் வைத்த சாவியை அந்தப் பெண் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அவர் நகர்ந்து வழிவிட்டார்.

மறுநாள் எட்டு மணிக்குக் கூடம் திறந்தது. பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருந்தது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மெயில் போன முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு உண்மையைச் சொல்லும் வேலை அவருக்கு. மதியத்துக்குள் எண்பது பேரிடம் பேசினார். நான்கு பேர் திட்டினார்கள். இணைப்பைத் திறந்துவிட்ட ஒருவரிடம் எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றச் சொன்னார். தட்டச்சுப் பெண் சாப்பாட்டு டப்பாவை மாடிக்கு எடுத்துப் போனாள். அவர் கவுண்டரிலேயே சாப்பிட்டுவிட்டு எண்பத்தொன்றாவது எண்ணை அழுத்தினார்.