பேண்டேஜ் துணிக்குள் ஒரு பிள்ளைத்தாச்சி

வெளுத்த துணி வாசமும் லாரி டீசல் வாசமும் கலந்து இன்னும் என் மூக்கில் நிற்கிறது...

மருமக்களே, இப்போது நான் சொல்லப்போவதை உங்களில் ஒருத்தரும் நம்பப்போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் இருக்கும் திசை பார்த்துக் கும்பிட்டுவிட்டு, மிகுந்த பணிவோடு அறிவிக்கிறேன்.

அப்போது இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் எனக்கு வேலை. லடாக் மலையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு லோடு போனது. கூடப் போனது நானும் பேக்கிங் சாமுவேலும். சாமுவேல் கிளம்பும்போது அவன் மனைவி எஸ்தருக்கு மாசம் நிறைந்திருந்தது. தலைப்பிரசவம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தாய் வீட்டில் இருந்தாள்.

மலைமேல் ஓரிடத்தில் பாறை சரிந்து பாதை அடைத்துவிட்டது. லாரிகள் வரிசையாக நின்றன. போனில் டவர் இல்லை.

அந்தக் குளிரை எப்படிச் சொல்ல... டீயை ஊற்றினால் அது கயிறு மாதிரி அந்தரத்தில் நிற்கும், பிடித்து ஏறலாம். கொட்டாவி விட்டால் உறைந்து காலில் விழும். ஒரு மரம் கிடையாது, புல் கிடையாது. மணலும் கல்லும் காற்றும்தான். டவர் கிடைக்குமா என்று போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சாமுவேலின் கை அப்படியே நின்றுபோனது.

சோர்ந்துபோய் ஒரு கல்லில் தலைசாய்த்து வெயில் காய்ந்தான். அப்போதுதான் அது அவன் தலையில் ஏறியது.

பல்லியுமில்லை, ஓணானுமில்லை. இரண்டுக்கும் ஒன்றுவிட்ட அத்தை மகள். மண் நிறம், தட்டை முகம், வயிறு மட்டும் பூசணி. நான் பார்த்தபோது முதலை அளவு இருந்தது. உங்களுக்காகக் குறைத்து, விரல் நீளம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன் அவன். பல்லி பலனையெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை என்று முதலில் கெத்தாகத்தான் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, தலையில விழுந்தா என்ன பலன் போட்டிருக்கும்?"

எனக்குத் தெரியும். தலையில் விழுந்தால் சாவு என்றுதான் போட்டிருக்கும். பேச்சை மாற்றினேன்.

"விழலைல்லா. ஏறுச்சு. அதுக்குப் பலன் கிடையாது."

"புள்ளத்தாச்சிப் பல்லி ஏறுனா?"

எந்தப் பஞ்சாங்கத்தில் போய்ப் பார்க்க? அவனோ, இது நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்தால் எஸ்தரும் பிழைப்பாள் என்று தனக்குத்தானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். அதற்குமேல் யார் பேச்சும் அவன் காதில் ஏறவில்லை.

மேகம் கூடியது. பாவம், குளிரில் செத்துவிடும் என்று பதறி, நாங்கள் இருவரும் எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தோம். அதைப் பிடித்து, பஞ்சை வைத்து, பேண்டேஜ் துணியை முழுசாகச் சுற்றி, ஆபரேஷன் முடிந்த பேஷண்ட் மாதிரி அட்டைப்பெட்டிக்குள் படுக்க வைத்தோம். ஊரிலிருந்து வந்த நயம் துணி...

செத்த நேரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் குச்சி மாதிரி விறைத்துக் கிடந்தது.

சாமுவேல் அழவில்லை. "எஸ்தரு" என்றான், அவ்வளவுதான். என் முதுகுத்தண்டில் ஓடிய பயத்துக்கு அந்த மலைக்குளிர் எம்மாத்திரம்.

பாதையைச் சரிசெய்ய வந்திருந்த மிலிட்டரி ஆட்களில் ஒருவர் எங்கள் தமிழ் கேட்டு ஓடி வந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் வன்னியம்பட்டிக்காரர். பெட்டிக்குள் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னலே பண்ணி வச்சிருக்கீக? அதுக்கு ஒடம்புல சொந்தச் சூடு ஏது? வெயில்தான் சூடு. பஞ்சச் சுத்தி வெயிலயும் வராம அடைச்சிட்டீகளே."

பெட்டியோடு வெயிலுக்குத் தூக்கி வந்தபடியே மீதியைச் சொன்னார். இந்த மண்ணில் முட்டை விட்டால் குளிரில் பொரிக்காதாம். அதனால் தாய் வயிற்றுக்குள்ளேயே குட்டிகளை வைத்துக்கொண்டு, வெயிலுக்கு வெயில் கல் மாறி உட்கார்ந்து, தன் உடம்பையே அடுப்பாக்கி வளர்க்குமாம். பனி விழுமுன் பெற்றாக வேண்டும். குட்டிகள் எறும்பு தின்று தேறி, வளைக்குள் போய் அடங்க வேண்டும். கோடை கொஞ்ச நாள்தான். ஒரு வெயில் தவறினாலும் நஷ்டம்.

சூடேறிய கல்லில் கிடத்தினோம். மேகம் நகர நகர வெயில் துண்டும் சரிவில் நகர்ந்தது. கல்லோடு தூக்கிக்கொண்டு நாங்களும் அதன் பின்னால் போனோம். டிரைவர்கள், பட்டாளத்தார் என்று ஒரு தேசமே திரண்டு வந்து, வெயிலை மறைக்காமல் ஒதுங்கி நின்றது.

முதலில் வால் நுனி சுருண்டது. பிறகு கண் திறந்தது. பிறகு அது வரிசையாகக் குட்டி போட, ஒவ்வொன்றும் பட்டாளத்துக்கு சல்யூட் வைத்துவிட்டு வளைக்குள் போனது.

பாதை திறந்து, டவர் இருக்கும் ஊருக்கு இறங்கிய பிறகுதான் சாமுவேல் மூச்சு விட்டான். பெண் பிள்ளை. தாயும் சேயும் சுகம்.

இப்போது அந்த மலையிலும் டவர் வந்துவிட்டதாம். போன மாதம் என் மருமகள் பிரசவத்துக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ்... பயம் சில்லறையாக வந்து சில்லறையாகப் போகிறது. அன்றைக்கு அது மொத்தமாக வந்து மார்மேல் உட்கார்ந்தது. யாருடைய உயிரையாவது இறுகப் பிடித்துக்கொண்டால்தான் தாங்க முடிந்தது.

சரி, நம்பாதீர்கள். டீக்கயிறு, கொட்டாவி, சல்யூட் எல்லாம் என் கைச்சரக்கு. அது குட்டி போட்டதை நான் பார்க்கக்கூட இல்லை. கண் திறந்ததும் கல்லுக்கடியில் ஓடிவிட்டது.

ஆனால் அது கண் திறக்கும்வரை, கல்லை இறக்கிய இடத்திலெல்லாம், அதன்மேல் தன் நிழல் விழுந்துவிடக் கூடாதென்று சாமுவேல் அந்தக் குளிர்ந்த மணலில் முகம் பதியக் குப்புறப் படுத்துக் கிடந்தான். அது மட்டும் நிஜம்.