அண்ணனுக்காக ஊதியவள்

பஸ் டிப்போவில் காலை வண்டி எடுக்க வருகிற டிரைவர், எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும், வாசல் அறை ஜன்னலில் நின்று, குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மிஷினில் ஊத வேண்டும். பூஜ்யம் வந்தால்தான் சாவி. மிஷினைப் பிடிப்பவள் வாசல்காரி. அது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, தினமும் முதல் ஊதல் அவளுடையது. அந்த நடைமுறைதான் அவள் குடியைக் கெடுத்தது.

அவளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்த அண்ணன் அங்கேயே டிரைவர். முதல் வண்டி அவனுடையது. ஒருநாள் கண் சிவக்க வந்து நின்றான். ராத்திரி குடித்ததுதான், தூங்கியாயிற்று, குளித்தாயிற்று, கடுங்காப்பியும் ஆயிற்று என்றான். ஐயோ பாவம் என்று, தனக்கு ஊதிய கையோடு அவனுக்கும் ஒருமுறை ஊதிச் சாவியைக் கொடுத்தாள் மகராசி! அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது.

குளித்தால் தோல்தான் நனையும், காப்பி குடித்தால் தூக்கம்தான் கலையும். ரத்தத்தில் ஏறியதைக் கல்லீரல் தன் போக்கில் மெல்லத்தான் கழிக்கும். கண் பார்த்தது காலுக்கு எட்டி பிரேக்கை மிதிப்பதற்குள் எதிரே வந்தவன் கதை முடிந்திருக்கும். எல்லாம் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததுதான். தெரிந்து என்ன பிரயோஜனம்? நிறுத்தினால் இத்தனை நாள் ஊதியது யார் என்று கேட்பார்கள். வீட்டில் அவள் கணவனுக்கும் வேலை இல்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே, அண்ணன் வண்டி இந்நேரம் எங்கே போய்க்கொண்டிருக்கும் என்று கணக்குப் போடுவாள்.

அன்று அண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். விரல்கள் நடுங்கின. இன்றைக்கு லீவு போட்டுவிடு என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீ ஊதலைன்னா ரெண்டு பேரும்தான் மாட்டுவோம்," என்றான்.

கூடப் பிறந்தவனே இப்படிப் பேசுகிறானே என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தும் ஊதினாள். சாவியையும் கொடுத்தாள். வெளியே நின்ற வண்டியில் ஜனம் முண்டியடித்து ஏறுவதைப் பார்த்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய் ஏறி, அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

இறங்கச் சொன்னான். அவள் அசையவில்லை.

"நீதான் நல்லா இருக்கியேண்ணே. ஓட்டு, நானும் வரேன்."

என்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. கண்ணாடியில் அவளைப் பார்த்தான், பிறகு தன் கையைப் பார்த்தான். இத்தனை நாள் ஊரார் பெற்ற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகத் துணிந்தவனுக்கு, தங்கச்சியை வைத்துக்கொண்டு கியர் போட மனசு வரவில்லை. பயணிகள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். என்ன தகராறு என்று கேட்டபடி மேனேஜர் வந்தார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

அதற்குள் அவன் என்ஜினை அணைத்துவிட்டான்.

"சார், மிஷினைக் கொண்டு வரச் சொல்லுங்க. இதுவரைக்கும் எனக்குத் தங்கச்சிதான் ஊதினா. இப்ப நான் ஊதறேன்."