சதக் வாசித்த செய்தி

சதக் எங்கள் ஊர் நிருபர். இராமநாதபுரம் பக்கம் சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே சின்ன ஊர் எங்களுடையது. மதுரையிலிருந்து வரும் கட்சிப் பத்திரிகைக்கு அவர்தான் ஏஜென்டும். காலையில் பஸ்ஸில் வரும் கட்டைப் பிரித்து விற்பார். சாயங்காலம் தான் எழுதிய செய்தியை உறையில் போட்டுக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். கட்சி என்றால் உயிர். தன் கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கட்சி நிறத்தில்தான் அடித்தார்.

எண்பதுகளில் ஒரு கோடை. கட்சிக்காரர்கள் வந்து புதுக் குழாயைத் திறந்துவைத்துப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து குழாயில் காற்றுதான் வந்தது.

"தம்பி, இத எழுது" என்றேன் சதக்கிடம். எழுதினார். பத்திரிகை வந்ததும், எழுத்து தெரியாத எங்களுக்கு வாசித்துக் காட்டினார்: குழாயில் தண்ணீர் இல்லை, பெண்கள் ஊற்றுத் தோண்டிக் காத்துக் கிடக்கிறார்கள். பக்கத்து வீட்டு ராக்குவின் பெயரும் வந்தது. "எம்பேரா? இன்னொருக்க வாசிங்க" என்று அவள் விடவில்லை.

அந்தத் தாளைக் கேட்டேன். தயங்கித்தான் கொடுத்தார். மனு வாங்கும் நாளான திங்கட்கிழமை நானும் ராக்குவும் அதைக் கொண்டுபோய் இராமநாதபுரத்தில் அதிகாரியிடம் நீட்டினோம்.

அவர் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "தண்ணி வந்திருச்சுன்னு நன்றி சொல்லியிருக்கீங்களேம்மா. ராக்குங்கிறவர் குலவை போட்டாராமே?"

"தொண்ட நனைஞ்சாத்தானய்யா குலவ வரும்!" என்றாள் ராக்கு.

நேரே சதக் வீட்டுக்குப் போனோம். "ஏலே, நீ வாசிச்சது என்ன, அதுல இருக்கது என்ன?"

"நான் எழுதுனதத்தான்க்கா வாசிச்சேன். மதுரையில மாத்திட்டாக. உங்க மூஞ்சியப் பாத்து அத வாசிக்க வாய் வரல."

எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "எங்களுக்கு வாசிச்சத அங்கன வந்து சொல்லு."

"நிருபர் கார்டப் புடுங்கிருவாகக்கா."

உள்ளேயிருந்து அவர் மனைவி மஜீதா சொன்னாள்: "போயிட்டு வாங்க மச்சான். கார்டு வச்சிருக்கது நீங்க, குடம் தூக்குறது நானு."

அடுத்த திங்கட்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதிகாரி முன்னால் நின்று, "அந்தச் செய்தி நான் அனுப்புனது இல்ல சார். குழாயில தண்ணி வரல" என்றார். வார்த்தை மாறவில்லை. அந்த வாரமே லாரியில் தண்ணீர் வந்தது. பிறகு குழாயையும் சரிசெய்தார்கள். கார்டு போனது. ஏஜென்சியும் போனது.

அடுத்த தேர்தலில் பார்த்தால், சதக் ஏணியில் ஏறி அதே கட்சிக் கொடியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"இன்னுமா தம்பி?"

"மாத்துனவன் எவனோ. கட்சி என்னோடதுக்கா."

நான் வேறு கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுவேன், அது அவருக்கும் தெரியும். ஏணி ஆடியது. விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.