கிணற்றடி வெளிச்சத்தை அளக்க வந்தார்கள்

கரண்டுக் கம்பம் எங்கள் தெரு முனையோடு நின்றுபோனது. உள்ளே எல்லாம் இருட்டு. தெரு திரும்புகிற இடத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறு ஒன்று. திருப்புலிவனம் பக்கம் நடவுக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்து வந்த பிறகுதான் நான் தண்ணீருக்குப் போவேன். அப்போது எனக்கு ஆறாம் மாதம். ஒருநாள் இடுப்புக் குடத்தோடு அந்தத் திருப்பத்தில் கால் வழுக்கி, கிணற்று விளிம்பில் உட்கார்ந்தே விட்டேன். அதிலிருந்து அந்த இடத்துக்கு ஒரு பல்பு வரவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

என் மாமனார்தான் தெருவுக்குப் பெரியவர். யூனியன் ஆபீசுக்கு நடையாய் நடந்தார். இருட்டு என்று வாயால் சொன்னால் ஆகாதாம். ஆபீசர் ராத்திரியில் வந்து வெளிச்சத்தை அளப்பாராம். சட்டத்தில் போட்ட அளவுக்குக் குறைந்தால்தான் கம்பமாம். வெளிச்சத்தை மரக்காலில் அளப்பார்களா, படியில் அளப்பார்களா என்று தெருவே சிரித்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். நல்லதோ கெட்டதோ, வெளியாள் யார் வந்தாலும் பம்ப் அடித்து ஏற்றுகிற கேஸ் லைட்டை வாடகைக்கு எடுத்து வந்து விடுவார்கள். ஆபீசர் வருகிற அன்று மாமனார் அதையேதான் செய்தார். கிணற்றோரத்துப் பூவரச மரத்தில், கைக்கு எட்டுகிற கிளையில் லைட்டைத் தொங்கவிட்டார். பட்டப்பகல் மாதிரி ஆகிவிட்டது.

மாமியார் காதில் போய்ச் சொன்னேன். "அத்தே, வெளிச்சம் இல்லன்னு காட்டத்தான கூப்ட்டோம்? இது இன்னாத்துக்கு?"

"பெரிய மன்சன இருட்டுல நிக்க வெச்சா பேசுவாங்க? நம்ம மானம் இன்னாவறது? வாயப் பொத்திக்கினு இரு."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீயே போய் எங்க நைனாகிட்ட சொல்லேன்" என்று சிரித்தார். மாமனார் முன்னால் நான் வாய் திறந்ததே கிடையாது என்று அவருக்குத் தெரியாதா?

ஆபீசர் வந்தார். உள்ளங்கை அளவுப் பெட்டி, அதற்குள் ஒரு முள். கிணற்றோரம் நின்று அதை நீட்டினார். முள் துள்ளிக்கொண்டு ஏறியது.

"வெளிச்சம் தாராளமா இருக்கே பெரியவரே. கம்பம் எதுக்கு?"

"நீங்க வர்றீங்கன்னு நாங்கதான் லைட்டு ஏற்பாடு பண்ணிக்கீறோம் சார்" என்றார் மாமனார், பெருமையாக.

"யார் ஏத்தினதுன்னு சட்டம் கேக்கல. இருக்கிற வெளிச்சத்தை எழுதணும், அவ்வளவுதான்."

மாமனார் முகம் செத்துப்போனது. ஆளாளுக்குப் பேசினார்கள், கெஞ்சினார்கள். இத்தனை ஆம்பிளைகள் நிற்கிறார்கள், ஒருத்தருக்காவது அந்த லைட்டை அணைக்கத் தோன்ற வேண்டாமா? ஆபீசர் பேனாவை எடுத்தார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போகிற மாதிரி போனேன். மரத்தடியில் கையை நீட்டி, லைட்டின் காற்றுத் திருகைத் திறந்துவிட்டேன். புஸ்ஸென்று சத்தம். இருட்டு.

"எவ அவ!" என்று மாமனார் கத்தினார்.

"ஒம் மருமவதான்" என்று யாரோ சொன்னார்கள்.

ஆபீசர் மறுபடி பெட்டியை நீட்டிப் பிடித்தார். இருட்டில் முள் தெரியவில்லை. வெளிச்சம் இல்லை என்று பார்க்க டார்ச்சு வேண்டியிருந்தது! அதை அடித்தார், முள் எழுந்தது. அணைத்தார், முள் தெரியவில்லை. கடைசியில் டார்ச்சைத் துண்டால் மூடிக்கொண்டு ஒருவழியாகப் பார்த்தார்.

"முதல்ல ஏறிச்சு, இப்ப ஒண்ணுமே இல்ல. ரெண்டும் நான் கண்ணால பாத்தது. எதை விடறது? கூட்டிப் பாதி போட்டுடறேன்."

"பாதி இருட்டா?" என்றார் மாமியார், இருட்டுக்குள்ளிருந்து. "அப்ப எம் மருமவ பாதி கெணத்துலதான் வியுவாளா சார்?"

தெரு சிரித்தது. ஆபீசர் சிரிக்கவில்லை. பாதிதான் எழுதினார்.

என் பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்த பிறகு கிணற்றடிக்குக் கம்பம் வந்தது. பாதிக் குறைக்கு இது போதுமென்று ஆபீசில் இருப்பதிலேயே சின்ன பல்பாகப் பார்த்துப் போட்டார்கள். அது எரிந்தால் கம்பம் தெரியும். கிணறு தெரியாது.

"அன்னிக்கி நான் கேஸ் லைட்டு கட்டி மரியாத பண்ணங்காட்டிதான் இதாவது வந்துச்சி" என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த பல்புக்குக் கீழேயே காலால் தடவித் தடவிக் கிணற்று விளிம்பைத் தேடினேன்.