உப்பு, சர்க்கரை, ரீஸ்லிங்

ஜெர்மனியில், மோசல் ஆற்றங்கரையில் நான் வாழ வந்த இந்த வீட்டில், குடிப்பதற்கு முன் மூக்கைக் கோப்பைக்குள் விட்டுப் பேச ஆரம்பித்தார்கள் என்றால் சாப்பாடு ஆறிவிடும். பீச், எலுமிச்சைத் தோல், நனைந்த கல் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பழைய ரீஸ்லிங் ஒயின் என்றால் பெட்ரோல் வாசம் என்பார்கள், அதுவும் பாராட்டாக! எனக்கு அது தையல் மெஷின் எண்ணெய். அருள்புரத்தில் அப்பாவின் பனியன் கம்பெனி வாசம். முதல்முறை முகர்ந்தபோது அப்பாவே பின்னால் நிற்கிறார் என்று பயந்து கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

பயப்படக் காரணம் இருந்தது. சித்தப்பா குடித்தே செத்தவர். அவரை எடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுக்குள் பாட்டில் வந்ததில்லை. குடிக்கிற சொந்தங்கள் வாசலோடு சரி. அப்படிப்பட்ட அப்பாவிடம் போய், ஒயின் தயாரிக்கிற வீட்டுப் பையன் லூகாஸைக் கட்டிக்கொள்கிறேன் என்றேன். பல மாதம் போனை எடுக்கவில்லை. அம்மா அழுது ஓய்ந்த பிறகு, மாமாதான் பேசினார். "அவங்களும் காடு தோட்டம் பாக்கற குடும்பந்தானுங்க மச்சான்." கம்பெனி வைக்கும் முன் காட்டில் உழுதவரான அப்பா, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். உப்புச் சர்க்கரை மாற்றிக்கொள்ளலாம் என்றார். எங்கள் பக்கம் அதுதான் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் உப்பையும் சர்க்கரையையும் பெண்ணைப் பெற்றவர் கைநீட்டி வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. வாங்காவிட்டாலும் முடிந்தது.

லூகாஸின் அப்பா யோஹானுக்கு இதை விளக்கினேன். உங்கள் வீட்டிலிருந்து உப்பும் சர்க்கரையும் வர வேண்டும் என்றேன். 'ட்சுக்கர், எங்கள் வீட்டு ட்சுக்கர்' என்று சர்க்கரைக்கான ஜெர்மன் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டார். எவ்வளவு அக்கறை என்று நானும் பூரித்துப்போனேன்.

அருள்புரத்து வீட்டுக் கூடத்தில் பங்காளிகள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்க, யோஹான் தட்டின் மேலிருந்த துணியை எடுத்தார். ஒரு பொட்டலம் கல்லுப்பு. பக்கத்தில் ஒல்லியான பச்சை பாட்டில். அதன் மேல் அவர் குடும்பப் பெயர்.

பங்காளிகள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இது என்னன்னு கேளு கண்ணு," என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

யோஹான் முகமெல்லாம் சிரிப்பாக விளக்கினார். கால் ஊன்ற முடியாத செங்குத்து மலை, குளிர், ஊரே அறுவடையை முடித்த பின்னும் இனிப்பு ஏறட்டும் என்று கொடியிலேயே விட்டுவைத்த பழம். எங்கள் மண்ணில் விளைகிற சர்க்கரை இதற்குள்தான் இருக்கிறது என்றார். அப்படியே தமிழில் சொன்னேன்.

பெரியப்பா எழுந்துவிட்டார். "ஏனுங்க, வெளையாடறாங்களா? சர்க்கரைக்குப் பதுலா சாராயத்தக் கொண்டாந்து வெக்கறாங்க!"

"உக்காருங்கண்ணா," என்ற அப்பா, செத்த எலியைத் தூக்குவதுபோல் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். "அறுக்காம உட்டு வெச்சு, மழை புடிச்சுக்கிட்டா? கேளு."

கேட்டேன். எல்லாம் போய்விடும், போன வருடம் போனது என்றார் யோஹான். அப்பா அவரை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தார். பிறகு பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"இத நீ புடி." அம்மாவிடம் திரும்பி, "உள்ள போயி சர்க்கரை எடுத்துட்டு வா," என்றார்.

எங்கள் சமையலறை நாட்டுச் சர்க்கரையை அம்மா அவர்கள் தட்டில் கொட்டினாள். அப்பா அதை யோஹானிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகை முட்டியது. சந்தோஷமா அவமானமா என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. யோஹான் என் காதருகே குனிந்து, நம் சர்க்கரையை ஏற்றுக்கொண்டாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாட்டிலைக் கீழே வைக்க, நான் பிறந்து வளர்ந்த அந்த வீட்டில் ஓர் இடம் தெரியாமல் நின்றேன்.

அப்போது எடுத்த போட்டோ இரண்டு வீட்டுச் சுவரிலும் மாட்டியிருக்கிறது. மோசலில், தட்டு மாற்றும் இரண்டு அப்பாக்களுக்குப் பக்கத்தில், பட்டுச் சேலையில், இடது கையில் பாட்டிலோடு நிற்கிறேன். அருள்புரத்தில், ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி ஓரத்தை வெட்டிவிட்டு ஃப்ரேம் போட்டிருக்கிறார் அப்பா. அந்தப் படத்தில் எனக்கு இடது கை இல்லை.