புகைக்கு எல்லை போட்ட வீதி

எங்கள் வீட்டு வாசலில் ஒருநாள் காலை புதிதாக ஒரு பலகை முளைத்திருந்தது. சிவப்பு வளையத்துக்குள் 'உம்வெல்ட்' என்ற எழுத்து. சுற்றாடல் வலயமாம். புகையின் அளவுக்கேற்ற நிற வில்லையைக் கண்ணாடியில் ஒட்டிய வாகனங்கள்தான் இனி உள்ளே வரலாம். என்னுடையதைப் போன்ற பழைய டீசல் வானுக்கு எந்த நிற வில்லையும் கிடையாது. ஜெர்மனியின் ரூர் பகுதியில் நகரத்துக்கு நகரம் எல்லை கீறியபோது, அந்தக் கோடு எங்கள் வீதியின் நடுவால் போய்விட்டது. எங்கள் பக்கத்துக் காற்று சுத்தமாக இருக்கவேண்டும், எதிர்ப்பக்கத்துக் காற்று எப்படியும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் பிரஸ்ஸல்ஸில் யோசித்து, பெர்லினில் சட்டமாக்கி, நகரசபையில் கோடு கீறினால் இப்படித்தான் வந்து முடியும்.

அந்த வானில் தமிழ்க் கடைகளுக்கு முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் ஏற்றி இறக்கித்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது. ஆனாலும் சட்டத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஏழு வயது மகள் அபிக்கு முட்டு வருத்தம். குளிர் தொடங்கினால் மூச்சை இழுத்து இழுத்துத்தான் எடுப்பாள். "உங்கள் மகளை நினைத்துத்தான் இந்த வலயம் கேட்ட மனுவில் நானும் கையெழுத்து வைத்தேன்" என்றார் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா. "காற்றுக்கு இந்தப் பலகையை வாசிக்கத் தெரியுமா?" என்று என் உடைந்த ஜெர்மனில் கேட்டேன். எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை என்று நினைத்து, அவர் அதை எழுத்தெழுத்தாக, அன்போடு வாசித்துக் காட்டினார். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை. சித்தப்பாவின் வாடகைக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோலைப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருப்பார். கண்ணெரியும் புகை. அக்காவுக்குப் பிள்ளைவலி வந்த அன்று, கார் கண்ணில் படுவதற்கு முன்பே அந்தப் புகை மணம் வந்தது. "கார் வந்திட்டுது" என்று அம்மா அழுதேவிட்டா. எதை எரிக்கலாம் என்று அரசாங்கம் முடிவெடுப்பதை இரண்டு நாடுகளில் பார்த்துவிட்டேன். அங்கே எங்கள் மூச்சை அடக்க, இங்கே மூச்சுவிட வைக்க. இரண்டு இடத்திலும் கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் வண்டிக்காரன்.

நான் செய்ததெல்லாம் வானை எதிர்ப்பக்கம் நிறுத்தியதுதான். சட்டப்படி சரி. "இஞ்சாருங்கோ, அங்கால விட்டால் புகை இஞ்சால வராதோ?" என்று மனைவி கேட்டாள். ஒரு பனிக்காலை ஸ்டார்ட் எடுத்தபோது கரும்புகை எழுந்து, வீதியைக் கடந்து, நேரே எங்கள் ஜன்னலுக்குப் போனது. அபி எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினாள். சாத்திவிட்டு, கண்ணாடிக்குப் பின்னால் நின்று எனக்குக் கை காட்டினாள். அந்தக் கிழமையே வானை விற்றேன்.

வாங்கியவர் பழைய வாகனங்களை ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றுபவர். "அங்கே வில்லை கேட்கமாட்டார்களா?" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இப்போது தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். இந்தக் குளிருக்கு அபியின் மூச்சு கொஞ்சம் பரவாயில்லை.

"அப்பா, இனி ஜன்னல் சாத்தத் தேவையில்லைத்தானே?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

வான் இந்நேரம் எந்தப் பிள்ளையின் ஜன்னலுக்கு நேரே நிற்கிறதோ. அந்த ஊர் வீதியின் நடுவே கோடு இருக்காது. அங்கே இரண்டு பக்கமும் ஒரே பக்கம்தான். நான் வந்த பக்கம்.