தங்கைக்கு ஒரு கணக்கு கார்டு

என் தங்கை கல்லூரியில் சேர்ந்த முதல் மாதமே நோட்டுகளைத் தின்ன ஆரம்பித்தாள். விலங்கியல் படிக்கிறவளுக்கு எதற்கு இத்தனை காகிதம் என்று கேட்டால், தவளைக்கு ஒன்று, கரப்பான்பூச்சிக்கு ஒன்று, மண்புழுவுக்கு ஒன்று என்று விரலை மடக்குவாள். இது போதாதென்று சுண்ணாம்புக்கல் தோண்டும் பக்கம் போய், கல்லாகிப்போன நத்தை, சிப்பி என்று மடி நிறையப் பொறுக்கிவந்து என் தலைமாட்டில் அடுக்கிவைப்பாள். அதற்குக் காசு ஆகவில்லை என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. நான் அரியலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். ரயில்வே கேட் பக்கத்தில் ஓர் அறை எடுத்து நாங்கள் இருவரும் இருந்தோம். பெரம்பலூர் பக்கத்துக் கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை பார்த்தார்கள். என் சம்பளத்தில் வாடகை போக, ஊருக்கு அனுப்பியது போக, மிச்சம் மாதத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடும். நோட்டு மட்டும் எப்போதும் இருபதாம் தேதிக்கு மேல்தான் தீரும். அதற்கும் எனக்கும் என்ன பகையோ தெரியாது.

தங்கையைக் கல்லூரியில் சேர்க்க வந்தபோது அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"யார்கிட்டயும் கடன் சொல்லப்புடாது. சொன்னீங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டு வூட்டுக்கு வந்துடணும். படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்பா சத்தம் போடுகிறவர் இல்லை. சொன்னால் செய்துவிடுகிறவர். அதனால் இருபதாம் தேதிக்குப் பிறகு என்ன செய்வது என்று நான் ரொம்ப யோசித்து, எனக்கு நானே ஒரு சட்டம் எழுதிக்கொண்டேன். மாதம் தாண்டி நிற்பதுதான் கடன். மாதத்துக்குள் தீர்த்துவிட்டால் அது கடன் இல்லை, கணக்கு. இந்தச் சட்டத்தை அப்பாவிடம் சொல்லிப் பார்க்கும் தைரியம் எனக்கு இருக்கவில்லை.

அப்போது கடைத்தெருவில் இரண்டு கடைகளில் கார்டு கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஃபேன்சி ஸ்டோரின் கார்டு வழவழவென்று இருக்கும். மேலே லட்சுமி படம், கீழே வாராவாரம் டிக் அடிக்கக் கட்டங்கள். புடவை, வளையல், பவுடர், நோட்டு, பேனா எல்லாமே கிடைக்கும். கையில் காசே வேண்டாம், வாரம் இரண்டு ரூபாய் தந்தால் போதும். கார்டு எடுத்தால் கைக்கண்ணாடி இனாம். என் தங்கை அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்த அன்றே விழுந்துவிட்டாள்.

இன்னொன்று கல்லூரிக்குப் போகும் வழியில் இருந்த நோட்டுக்கடை. அங்கே தருவது பழுப்பு அட்டை. ரப்பர் ஸ்டாம்ப் பாதிதான் விழுந்திருக்கும். ஐம்பது ரூபாய் வரை வாங்கலாம், வாங்க வாங்கக் கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போடுவார், சம்பளம் வந்ததும் கொடுக்க வேண்டும். கண்ணாடி, சீப்பு எதுவும் கிடையாது.

"அக்கா, அதப் பாக்கவே அழுகையா வருது" என்றாள்.

"கார்ட கட்டிக்கிட்டா குடும்பம் நடத்தப் போற?" என்றேன்.

ஆனாலும் நியாயமாக இருக்க வேண்டுமே என்று ஒரு வேலை செய்தேன். ஃபேன்சி ஸ்டோரில் ஒரு வாயில் புடவையைக் காட்டி, ரொக்கத்துக்கு என்ன விலை என்று தங்கையைக் கேட்கச் சொன்னேன். மறுநாள் நானே போய், அதே புடவை கார்டுக்கு என்ன விலை என்று கேட்டேன். எட்டு ரூபாய் கூடுதல். ஒரு வாரம் தராவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒண்ணும் ஆவாதுங்க, அடுத்த வாரம் ஒரு ரூபா சேத்துக் குடுத்தா போதும். நம்ம ஆள் வூட்டுக்கே வந்து வாங்கிப்பான்" என்று கடைக்காரர் சிரித்தார். அந்த ஆளை எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் சைக்கிளை நிறுத்தி, யார் வீட்டில் எத்தனை வாரம் பாக்கி என்று ஊருக்கே கேட்கும்படி கூவுவான்.

"அந்தக் கண்ணாடி வெலை என்னன்னு இப்ப புரியுதா?" என்றேன் தங்கையிடம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பழுப்பு அட்டையை வாங்கிக்கொண்டாள். அட்டையில் அவள் பெயரைக் கடைக்காரர் எழுதியபோது மட்டும் எட்டிப் பார்த்தாள். அதுவரை எந்தக் கடையிலும் எங்கள் பெயர் எழுதப்பட்டதில்லை.

அட்டை வந்ததும் நான் வாத்தியாராகிவிட்டேன். படிப்புக்கு வேண்டியது தவிர எதுவும் வாங்கக் கூடாது. கடைக்காரர் எழுதும்போது வேடிக்கை பார்க்காமல் விலையைப் பார்க்க வேண்டும். அட்டையை யாரிடமும் தரக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பத்து நாள்கூட ஆகவில்லை, அட்டையில் மசிப்பேனா என்று ஒரு வரி.

"ஃப்ரெண்டு கேட்டா அக்கா. நாளைக்குக் குடுத்துடறேன்னா."

"அவ நாளைக்கு எப்ப வரும்னு அவளுக்கே தெரியாது. அட்டையில யாரு பேரு இருக்கு?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் அந்தப் பெண்ணிடம் போய்ப் பேனாவையே திருப்பி வாங்கி வந்துவிட்டாள். பாவம், சிநேகிதம் போச்சு. ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது.

மற்றபடி எல்லாம் நன்றாகவே போனது. சம்பளம் வாங்கியதும் நான் நேரே நோட்டுக்கடைக்குப் போவேன். கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், கணக்குக் கூட்டும்போது உதடு அசையும். நாலணா, எட்டணா குறைந்தால், "நிக்கட்டும்மா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது. ஆனாலும் சில்லறை இல்லாத நாட்களில் விட்டுவிட்டு வருவேன்.

மாசி மாதம் அப்பா வருவதாகச் சொல்லி அனுப்பினார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அப்பா வந்தால் முதல் கேள்வியே, "யாருக்காச்சும் தரணுமா?" என்பதுதான். அவரிடம் என்னால் பொய் சொல்ல முடியாது. சம்பளப் பணத்தோடு நோட்டுக்கடைக்கு ஓடினேன்.

"மொத்தத்தையும் கழிச்சிடுங்கண்ணே. குறுக்க ஒரு கோடு போட்டுக் குடுங்க."

"எதுக்கும்மா கோடு? ஒரு ரூபாயாச்சும் நிக்கட்டுமே."

"ஒரு பைசா நிக்கக் கூடாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோட்டைப் போட்டு அட்டையை மேசையில் வைத்தார். வழக்கமாக, "போயிட்டு வாங்கம்மா" என்பவர் அன்று அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார். அதை நான் கவனித்தால்தானே. அப்பா ஒரு பை சின்ன வெங்காயத்தோடு வந்தார், கேட்டார், யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை என்று தலை நிமிர்ந்து சொன்னேன். நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

பங்குனியில் செய்முறைத் தேர்வு வந்தது. தவளையை அறுக்க அவரவர் பெட்டியை அவரவரே கொண்டுபோக வேண்டும். கத்தரி, சின்னக் கத்தி, இடுக்கி, ஊசி எல்லாம் உள்ள தகரப்பெட்டி. அதுவரை சீனியர் பெண்ணிடம் இரவல் வாங்கிக் காலம் ஓட்டியிருந்தாள். தேர்வன்று அந்தப் பெண்ணுக்கும் தேர்வு. பெட்டி இல்லாமல் போனால் உள்ளே விடமாட்டார்கள். நோட்டுக்கடையில் புதுப்பெட்டி நாற்பத்திரண்டு ரூபாய். மாதக் கடைசி, என் கையில் ஏழு ரூபாய் இருந்தது. அலுவலகத்தில் எல்லோர் கையும் என் கை மாதிரியேதான் இருந்தது.

கடைக்குப் போன தங்கை வெறுங்கையோடு வந்தாள்.

"கணக்கு முடிஞ்சு போச்சாம். ரொக்கம்னா தரேங்கறாரு."

அட்டையைப் பிடுங்கிக்கொண்டு நான் கிளம்பினேன். பின்னாலேயே அவளும் ஓடி வந்தாள்.

"ஏண்ணே, பாக்கி வச்சவங்களுக்கெல்லாம் குடுக்கறீங்க. பைசா பாக்கி இல்லாம தீத்தவளுக்கு இல்லையா? இது என்ன நியாயம்?"

அவருக்கும் கோபம் இருந்திருக்கிறது. "நீங்கதானம்மா கோடு போடச் சொன்னீங்க? எங்க கடைத்தெருவுல கணக்க சுத்தமா முடிக்கறதுன்னா, இனிமே உன் வாசல மிதிக்க மாட்டேன்னு அர்த்தம். அந்தப் பொண்ண என்ன சொன்னீங்கன்னு என் வூட்டுக்காரிகூடக் கேட்டா. நான் என்ன கொறை வச்சேன்?"

எனக்குத் திகைப்பாக இருந்தது. இந்த மனுஷன் ஒரு மாதமாக மனசு நொந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒங்களுக்கு அது அர்த்தம். எங்களுக்கு வேற. எங்கப்பா சின்னப் பையன்லேருந்து பண்ணையில ஆளா இருந்தவரு. வருசா வருசம் அறுப்பு முடிஞ்சு கணக்கு பாப்பாங்க. எவ்ளோ உழைச்சாலும் கொஞ்சம் பாக்கி நிக்கும். ஒரு வருசம் எங்கம்மா காதுத் தோட்ட வித்துக் கொண்டுபோய் வச்சாங்க. எல்லாத்தையும் கழிச்சிடுங்கன்னாங்க. 'என்ன அவசரம், கொஞ்சம் நிக்கட்டும்'னு பண்ணைக்காரங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. பாக்கி நின்னாத்தான் ஆளும் நிப்பான். நீங்களும் அதே வார்த்தையத்தானே சொல்றீங்க?"

"நான் என்ன பண்ணையாராம்மா? நோட்டு விக்கறவன்" என்றார். ஆனால் குரல் இறங்கிவிட்டது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் போகும், ஒரு வருஷம் போனால் அப்பா அனுப்பமாட்டார். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கடைக்காரர் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்துவந்து தங்கையிடம் நீட்டினார்.

"நீ போயி ஒழுங்கா எழுதும்மா." என் பக்கம் திரும்பினார். "நீங்க பாக்கி வைக்க வேணாம். சம்பளம் வந்ததும் நாப்பத்தி நாலா குடுங்க. ஒங்க காசு ரெண்டு ரூபா எங்கிட்ட நிக்கட்டும். நான் ஒங்களுக்குத் தரவேண்டியவனா இருந்துட்டுப் போறேன். போதுமா?"

சம்பளத்தன்று நாற்பத்து நான்கு ரூபாய் கொடுத்தேன். பழைய கோட்டுக்குக் கீழே, கடை தர வேண்டியது ரூபாய் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தங்கை தவளையை நன்றாகவே அறுத்திருந்தாள். தேறிவிட்டாள்.

விடுமுறையில் அவளை ஊருக்கு அழைத்துப்போக அப்பா வந்தார். புத்தகங்களைப் பைக்குள் எடுத்து வைக்கும்போது அட்டை கீழே விழுந்தது. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வரிசையாக எண்ணும் கையெழுத்தும் இருக்கிற அட்டை என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையில் எடுத்தார். முகம் கறுத்துவிட்டது.

"கடனா?"

என் சட்டம் அவரிடம் செல்லாது என்று எனக்குத் தெரியும். தங்கைதான் பேசினாள்.

"கடன்தாம்ப்பா. ஆனா கடைக்காரருதான் நமக்குத் தரணும். ரெண்டு ரூபா."

அவர் நம்பவில்லை. "எந்தக் கடை, காட்டு" என்றார். மூவரும் நடந்தோம். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பையும் கூடவே வந்தது. கடை வாசலில் அப்பா படியேறவில்லை. வெயிலில் நின்றபடியே கேட்டார்.

"எம் பொண்ணுக்கு நீங்க ரெண்டு ரூபா தரணுமாமே, நெசங்களா?"

கடைக்காரர் எழுந்து நின்றார்.

"ஆமாங்க, தரணும். இப்பவே வேணுங்களா?"

அப்பா அந்த அட்டையை ஒருமுறை பார்த்தார், அவரை ஒருமுறை பார்த்தார். பிறகு படியேறி உள்ளே போய், அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் அவசரமில்லீங்க. மெதுவா குடுங்க" என்றார்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் அப்பா தங்கையைப் பார்த்து, அடுத்த வருஷத்துக்கு எப்போது பணம் கட்ட வேண்டும் என்று கேட்டார்.